வாயசைப்பு

ஜெர்சி சிட்டி
ஜனவரி 19, 2025

மானஸா,

என் வேலையைத் தின்றது உன் வாய்தான்.

வெள்ளிக்கிழமை மதியம் வெங்கடகிருஷ்ணன் என்னை மீட்டிங் ரூமுக்குக் கூப்பிட்டார். பேங்க்கில் என் மேனேஜர் அவர். மயிலாப்பூர்க்காரர், ஆனால் ஆபீசில் ஒரு நாளும் என்னிடம் தமிழில் பேசியதில்லை. ஹெச்ஆரிலிருந்து ஒரு பெண் லேப்டாப்போடு உட்கார்ந்திருந்தாள். அதில் ஒரு வீடியோ ஓடியது. இரண்டு வருடத்துக்கு முன் நடந்த என் இன்டர்வியூ. திரையில் என் முகம். என் வாய் திறந்து திறந்து மூடுகிறது. வருவது உன் குரல்.

கடைசி வரை பார்க்க வைத்தார்கள். நெட் ஸ்லோ என்று அன்றைக்குச் சமாளித்தோமே, அந்த இடமெல்லாம் அப்படியே இருந்தது. பேச்சு முடிந்த பிறகும் என் உதடு ஆடிக்கொண்டிருந்தது. தொட்டிக்குள் மீன் மாதிரி இருந்தேன். பார்த்து முடித்ததும் அவர் கேட்டார்: "கயல், இப்ப நீங்களே சொல்லுங்கோ. இது யாரோட வாய்ஸ்?"

குற்றம் சாட்ட மட்டும் அவருக்குத் தமிழ் வந்துவிட்டது.

எப்படிக் கண்டுபிடித்தார் என்பதையும் சொன்னார். போன வாரம் வேறொரு டீமுக்கு ஆள் எடுத்தார்களாம். இன்டர்வியூ பண்ணியவர்களில் இவரும் ஒருவர். சான் ஹோசேயிலிருந்து ஒரு பெண் பேசினாளாம். எங்கேயோ கேட்ட குரலாக இருக்கிறதே என்று யோசித்துக்கொண்டிருந்தபோது அவள் ஒரு கதை சொன்னாளாம். ஞாயிற்றுக்கிழமை கணக்குச் சரிபார்க்கும் புரோகிராம் நின்றுபோனது, விடுமுறைத் தேதி ஒன்று தப்பாக ஏறியிருந்ததைக் கண்டுபிடித்தது, திங்கள்கிழமை மார்க்கெட் திறப்பதற்குள் சரி செய்தது.

அது என் கதை. கோயம்புத்தூரில் நான் பண்ணிய வேலை. எடிசனில், எனக்கு விசா எடுத்துக் கூட்டிவந்த நஞ்சப்பன் அங்கிளின் கெஸ்ட் ஹவுசில் உட்கார்ந்து நான் டைப் பண்ணினேன், நீ சான் ஹோசேயில் உன் திரையில் பார்த்துப் படித்தாய். மேஜைக்கு அடியில் போன், மேலே என் முகம். பதில் எல்லாம் என்னுடையது, சத்தம் மட்டும் உன்னுடையது. இப்போது என் பதிலையும் எடுத்துக்கொண்டு அதே ஆளிடமே போயிருக்கிறாய்.

என்னை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். விசாரணை முடியும் வரை வரக் கூடாது. முடிவு என்ன என்று எனக்குத் தெரியும். வேலை போனால் விசாவுக்கு அறுபது நாள். அதற்குள் வேறு வேலை கிடைக்காவிட்டால் நாட்டை விட்டுப் போக வேண்டும். எனக்குப் போக பயமில்லை. என் மகள் ரக்ஷாவை நினைத்துத்தான் பயம். மூன்றரை வயது வரை ஒரு சொல் பேசாத பிள்ளை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்தில் ஸ்பீச் டீச்சர் தினமும் அவளை மடியில் வைத்துக்கொள்ளாத குறையாகச் சொல்லிக்கொடுத்து, இப்போது ஐந்து வயதில் வாக்கியம் பேசுகிறாள். எங்கள் ஊர் காங்கேயத்தில் இப்படி ஒரு டீச்சருக்கு எங்கே போவேன்? அங்கே யார் இருக்கிறார்கள்?

என் நம்பரை பிளாக் பண்ணியிருக்கிறாய். போனிலும் மெயிலிலும் எதுவும் எழுதக் கூடாது என்று அங்கிள் சொல்லிவிட்டார். அதனால் பேப்பர்.

அவராகக் கண்டுபிடித்தாரா, நீ சொன்னாயா? நேராக எழுது.

கயல்


சான் ஹோசே
ஜனவரி 27

கயல்,

உன் கடிதத்தை சுஹாஸ்தான் மெயில்பாக்ஸிலிருந்து எடுத்து வந்தான். "யாருடி இந்தக் காலத்துல லெட்டர்லாம் போடறா?" என்றான். காலேஜ் தோழி வீட்டுக் கல்யாணப் பத்திரிகை என்றேன். இனி கவரில் உன் பெயரைப் போடாதே.

உன் பேங்க்கைத் தேடிக்கொண்டு நான் போகவில்லை. நான் இந்த நாட்டுக்கு வந்து ஒன்பது வருடம். ஒன்பது வருடமும் சுஹாஸின் மனைவி என்ற ஒரே விசாவில் இருந்தேன். லைப்ரரியில் புத்தகம் அடுக்கக்கூட சம்பளத்துக்கு ஆகாத விசா. அக்டோபரில்தான் வொர்க் பர்மிட் வந்தது. கண்ணில் பட்ட இடத்துக்கெல்லாம் ரெஸ்யூமே அனுப்பினேன். ஒரு ஏஜென்ட், கிழக்குக் கடற்கரையில் பெரிய பேங்க், வீட்டிலிருந்தே வேலை என்றான். பேங்க்கின் பெயரை இன்டர்வியூவுக்கு முந்தின நாள்தான் சொன்னான். ஆயிரக்கணக்கான பேர் இருக்கும் இடம், உன்னோடு என்ன சம்பந்தம் வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். கேமராவில் வந்த முகம் எனக்குத் தெரியாது. அன்றைக்கு உன் மேஜைக்கு அடியிலிருந்து எனக்குக் குரல் மட்டும்தான் கேட்டது. அவர் வாயைத் திறந்ததும் தெரிந்துவிட்டது. அதற்குள் நான் ஹலோ சொல்லியிருந்தேன்.

கட் பண்ணியிருக்கலாம். நெட் போய்விட்டது என்று சொல்லியிருக்கலாம். நமக்குத்தான் அது கை வந்த கலையாயிற்றே. செய்யவில்லை. திரையின் கீழே இருந்த பெயர் என் பெயர், கயல். அப்படி ஒரு இன்டர்வியூவில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

அந்தக் கதை உன்னுடையது என்கிறாய். உனக்குச் சொன்னேன். டல்லாஸில் ஒருத்திக்காகச் சொன்னேன். சார்லட்டில் ஒருத்திக்காகச் சொன்னேன். அங்கிள் அனுப்பிய ஒவ்வொரு பெண்ணுக்காகவும் சொன்னேன். கஷ்டமான பிரச்சினை ஒன்றைத் தீர்த்ததைச் சொல்லுங்கள் என்று யாராவது கேட்டால் என் வாய் தானாக அந்த ஞாயிற்றுக்கிழமைக்குப் போய்விடுகிறது. வேலையில் எனக்கென்று கஷ்டமான பிரச்சினை எதுவும் கிடையாது. எனக்கு வேலையே இருந்ததில்லை.

நான் எதையும் சொல்லவில்லை. அவர் தேங்க்யூ சொன்னார், மூடினார். அவ்வளவுதான்.

தின்றது என்ற வார்த்தையை இன்னொரு தடவை எழுதாதே. என் குரலை வைத்துக்கொண்டு இரண்டு வருடம் நீதான் சாப்பிட்டாய்.

மானஸா


ஜெர்சி சிட்டி
பிப்ரவரி 4

மானஸா,

நீ பொய் சொல்கிறாய்.

முப்பத்தோராம் தேதி வேலையை முடித்துவிட்டார்கள். ஹெச்ஆர் பெண் போனில் காரணத்தை வாசித்தாள். எனக்கு இங்கிலீஷ் பேசத்தான் வராது, கேட்க வரும். நஞ்சப்பன் அங்கிள் கம்பெனியின் பெயர் வந்தது. எடிசன் கெஸ்ட் ஹவுஸ் வந்தது. மேஜைக்கு அடியில் போன் வந்தது. வீடியோவில் மேஜைக்கு அடி தெரியாது, மானஸா. தெரிந்தவர்கள் மூன்று பேர். நான் சொல்லவில்லை. அங்கிள் சொல்லியிருந்தால் அன்றைக்கே என்னைக் கூப்பிட்டு அப்படித் திட்டியிருக்க மாட்டார். "அம்மிணி, எம்பேரு எங்கியும் வரக்கூடாதுன்னு சொன்னனா இல்லியா? இனி இந்த நம்பருக்குக் கூப்புடாத" என்று வைத்துவிட்டார். எங்கள் ஊர்க்காரர். என் கல்யாணத்துக்கு வந்து முன் வரிசையில் உட்கார்ந்தவர். நம்ம பக்கத்துப் பிள்ளைகள் முன்னேறட்டும் என்றுதான் அழைத்து வருகிறேன் என்று மேடை கிடைத்தால் பேசுவார். இப்போது என் விசாவை ரத்து பண்ண எழுதிக்கொடுத்துவிட்டார்.

ஹாஸ்டல் மெஸ்ஸில் ஒரு நாள் எல்லாரும் இங்கிலீஷில்தான் பேச வேண்டும் என்று சீனியர்கள் விதி போட்டார்கள், ஞாபகம் இருக்கிறதா? நான் அன்றைக்குச் சாம்பார் கேட்காமலே வெறும் சோற்றைத் தின்றுவிட்டு எழுந்தேன். எதிரில் உட்கார்ந்து நீ சிரித்தாய். ராத்திரி என் ரூமுக்கு வந்து, அல்காரிதம் புரியவில்லை, சொல்லிக்கொடுடி என்றாய். சொல்லிக்கொடுத்தேன். தமிழில்தான் சொல்லிக்கொடுத்தேன். உனக்குப் புரிந்தது. நீ பாஸ் பண்ணினாய்.

அமெரிக்காவுக்கு மூளையைப் பார்த்து ஆள் எடுக்கிறார்கள் என்று நினைத்துத்தான் ரக்ஷாவை வயிற்றில் வைத்துக்கொண்டு வந்தேன். உள்ளே விட்டுவிட்டு அப்புறம் நாக்கை நீட்டச் சொல்கிறார்கள். உன்னிடம் வருவதற்கு முன்னால், அங்கிள் ஆபீசிலேயே கோட் எழுதிக்கொண்டிருந்த வருடங்களில், போன இன்டர்வியூ எல்லாவற்றிலும் எழுதும் டெஸ்ட்டில் நான் தேறினேன். எல்லாவற்றிலும் பேசச் சொன்ன இடத்தில் தோற்றேன். அரசுப் பள்ளியில் இங்கிலீஷையே தமிழில் நடத்தினார்கள். அது என் தப்பு இல்லை. உன் கான்வென்ட் உன் திறமையும் இல்லை.

ஒன்றே ஒன்று செய். வெங்கடகிருஷ்ணனைக் கூப்பிட்டு, பதில்கள் எல்லாம் கயல் சொன்னவை, நான் படித்தேன் என்று சொல். மோசடி என்று எழுதினால் அது என் விசாவோடு கடைசி வரை வரும். வேறு கம்பெனி எதுவும் தொடாது. நான் இரண்டு வருடம் அங்கே வேலை பார்த்தது பொய் இல்லை. பேச வேண்டியதையெல்லாம் சாட்டிலும் மெயிலிலும் எழுதியே ஓட்டினேன். என் வேலையில் ஒரு குறை அவர் சொன்னதில்லை.

ஊரிலிருந்து என் வீட்டுக்காரர் சபரி தினமும் கூப்பிடுகிறார். ஒரே ஒரு குளிர்காலம் இங்கே இருந்துவிட்டு, வேலை பார்க்க முடியாத நாட்டில் என்னால் முடியாது என்று எண்ணெய் மில்லுக்கே திரும்பிப் போனவர். "புள்ளையக் கூட்டீட்டு வந்துரு கண்ணு. இங்க வந்தா அதுவா பேசிக்கும். எங்கப்பாவே நாலு வயசு வரைக்கும் பேசலையாம்" என்கிறார். அவருக்கு எப்படிச் சொல்லிப் புரியவைப்பது? நான் சொல்வதைக் கேட்டுவிட்டு ரக்ஷாவுக்கு போனைக் கொடு என்கிறார். அவர் பேசும் தமிழ் அவளுக்கு விளங்காது. அவள் போனைத் தரையில் வைத்துவிட்டுப் போய்விடுகிறாள்.

கயல்


சான் ஹோசே
பிப்ரவரி 13

கயல்,

சொன்னேன்.

இன்டர்வியூ முடிந்த மறுநாள் அவரே கூப்பிட்டார். சுத்தமான தமிழ். எங்கே படிச்சேள், அப்பா என்ன பண்றார், எந்தத் தெரு. பத்து நிமிஷத்தில் என் பெரியப்பாவைத் தெரியும் என்றார். அப்புறம்தான் விஷயத்துக்கு வந்தார். "நம்மாத்துப் பொண்ணு மாதிரி இருக்கேள். யாரோ உங்களை யூஸ் பண்ணிண்டிருக்கா. உண்மையைச் சொல்லுங்கோ, மத்ததை நான் பார்த்துக்கறேன்."

யாரோ. நீதான் அந்த யாரோ. எனக்கு அந்த இடத்தில் உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை. வேலை தருவார் என்று நினைத்தேன். அதனால் சொன்னேன். போன், மேஜை, கெஸ்ட் ஹவுஸ், அங்கிள், எல்லாம். பேசப் பேச எனக்கே லேசாக இருந்தது. அதையும் எழுதிவிடுகிறேன்.

இரண்டு நாளில் ஒரு வரி மெயில் வந்தது. உங்கள் விண்ணப்பத்தைத் தொடர இயலாது. அந்த ஏஜென்டும் இப்போது போன் எடுப்பதில்லை. எந்த லிஸ்ட்டில் என் பெயர் ஏறியிருக்கிறதோ. ஆக நீ நினைப்பது போல உன் நாற்காலியில் நான் உட்கார்ந்திருக்கவில்லை. சந்தோஷப்பட்டுக்கொள்.

நீ கேட்டதைச் செய்ய முடியாது. சுஹாஸிடம் சொல்லித்தான் ஆக வேண்டியிருந்தது, சொன்னேன். அவன் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது. நேராக லாயரிடம் கூட்டிப்போனான். அவனுடைய கிரீன் கார்டு நடந்துகொண்டிருக்கிறது. அதில் என் பெயரும் இருக்கிறது. உன்னோடு எந்தத் தொடர்பும் கூடாது, நஞ்சப்பன் கம்பெனி பற்றி எங்கேயும் வாயைத் திறக்கக் கூடாது என்று லாயர் சொல்லிவிட்டார். இந்தக் கடிதத்தையே லைப்ரரியில் உட்கார்ந்துதான் எழுதுகிறேன்.

உனக்கு ஒன்று சொல்லட்டுமா? போய்விடு. தோல்வி என்று எடுத்துக்கொள்ளாதே. உன் வேலைக்குக் கோயம்புத்தூரில் ஒரு வாரத்தில் ஆபர் வரும். அங்கே உன் இங்கிலீஷை யாரும் அளக்க மாட்டார்கள். எனக்கு அந்த ஊரில்கூட வேலை வராது, ரெஸ்யூமேவில் ஒன்பது வருடம் ஓட்டை. ரக்ஷா சின்னக் குழந்தை, தமிழ் பிடித்துக்கொள்வாள். குழந்தைகள் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும்.

மானஸா


ஜெர்சி சிட்டி
பிப்ரவரி 22

மானஸா,

குழந்தைகள் எல்லாவற்றையும் பிடித்துக்கொள்ளும் என்று உன்னால் எழுத முடிகிறது. உனக்குக் குழந்தை இல்லை என்று குத்திக்காட்ட வரவில்லை. என் குழந்தையைப் பற்றி உனக்குத் தெரியும் என்பதால் சொல்கிறேன். டாக்டரிடம் முதல் தடவை போனபோது போனில் எனக்காகப் பேசியது நீ.

வியாழக்கிழமை பள்ளிக்கூடத்தில் ரக்ஷாவுக்கு வருட மீட்டிங். எப்போதும் நீ போனில் இருப்பாய், அவர்கள் சொல்வதை எனக்குச் சொல்வாய், நான் சொல்வதை அவர்களுக்குச் சொல்வாய். இந்தத் தடவை நீ இல்லை. பயந்துகொண்டே வாசலில் இருந்த பெண்ணிடம், தமிழ் இன்டர்பிரிட்டர் வேண்டும் என்று கேட்டேன். அவ்வளவுதான் கேட்டேன். உடனே போன் போட்டுக் கொடுத்துவிட்டார்கள். யாழ்ப்பாணத் தமிழ் பேசும் ஒரு அம்மா. "சொல்லுங்கோ பிள்ளை" என்றார். யாரும் சிரிக்கவில்லை. யாரும் என்னைக் கேவலமாகப் பார்க்கவில்லை. இதைக் கேட்கவே கூடாது, கேட்டால் படிக்காதவள் என்று நினைப்பார்கள் என்று இத்தனை நாள் நீ சொல்லிக்கொண்டிருந்தாய்.

ஸ்பீச் டீச்சர் முதலில் கேட்டது, வீட்டில் நீங்கள் தமிழா பேசுவீர்கள் என்று. எனக்குத் தமிழ்தான் வரும், ஆனால் நீங்கள் சொன்னதால் மகளிடம் தமிழை நிறுத்திவிட்டேன் என்றேன். இன்டர்பிரிட்டர் அதைச் சொன்னதும் டீச்சர் ரக்ஷாவின் பைலை எடுத்தார். அப்புறம் பைலைத் திருப்பி எனக்குக் காட்டினார். வீட்டு மொழி என்ற இடத்தில் இங்கிலீஷ். என் கையெழுத்து.

சேர்க்கும்போது அந்தப் பேப்பரைப் பற்றி உன்னிடம்தான் கேட்டேன். "இங்கிலீஷ்னே டிக் பண்ணுடி. தமிழ்னு போட்டா தனி கிளாஸ்ல தள்ளிடுவா. எங்க அபார்ட்மென்ட்ல ஒருத்தரும் தமிழ்னு போடமாட்டா" என்றாய். டிக் பண்ணினேன். அதைப் பார்த்துவிட்டுத்தான் டீச்சர், வீட்டு மொழியிலேயே இடைவிடாமல் பேசுங்கள், ஒன்றில் ஊன்றிக்கொள்ளட்டும் என்றிருக்கிறார். வீட்டு மொழி. நீ எனக்கு அதை இங்கிலீஷ் மட்டும்தான் பேசணுமாம் என்று சொன்னாய். நீ வேண்டுமென்று மாற்றிச் சொல்லவில்லை, எனக்குத் தெரிகிறது. பேப்பரில் அதுதானே இருந்தது.

அன்றிலிருந்து என் மகளிடம் நான் பேசவில்லை. இதை நீ ஒழுங்காகப் புரிந்துகொள்ள வேண்டும். எனக்கு வரும் இங்கிலீஷ் என்ன? ஈட். கம். ஷூஸ். குட் கேர்ள். ஸ்லீப். அவளைக் குளிப்பாட்டும்போது சொல்ல என்னிடம் வார்த்தை இல்லை. அவளுக்கு ஜுரம் வந்தபோது என்னிடம் வார்த்தை இல்லை. வாய் வரை வந்த தமிழை விழுங்கினேன். மருந்து என்று நினைத்துத்தான் விழுங்கினேன். டீச்சர் சொன்னார், தமிழிலேயே பேசியிருக்கலாம், அது அவளுக்கு எந்தக் கெடுதலும் செய்திருக்காது, பேச்சு என்றால் முதலில் அம்மாவின் பேச்சுதான் என்று.

வீட்டுக்கு வந்து ரக்ஷாவைப் பக்கத்தில் உட்கார வைத்துத் தமிழில் பேசினேன். என்ன பேசினேன் என்று தெரியவில்லை, பேசிக்கொண்டே இருந்தேன். அவள் என் வாயையே பார்த்தாள். அப்புறம் கையால் என் வாயைப் பொத்தினாள். "யூஸ் யுவர் வேர்ட்ஸ், மம்மி" என்றாள். அழாமல் வாயால் சொல்லு என்று டீச்சர் அவளுக்குச் சொல்லிக்கொடுப்பது அது. நான் பேசியது வார்த்தை என்றே அவளுக்குத் தெரியவில்லை.

இவளைத்தான் காங்கேயத்துக்குக் கூட்டிக்கொண்டு போகச் சொல்கிறாய்.

கயல்


சான் ஹோசே
மார்ச் 3

கயல்,

இரண்டு நாள் உன் கடிதத்தைப் பையிலேயே வைத்துக்கொண்டு சுற்றினேன்.

எல்லாரும் இங்கிலீஷ் என்றுதான் போடுகிறார்கள். லிவர்மோர் கோயிலில் தமிழ் வகுப்பு நடத்தும் ஆன்ட்டியே தன் பேரனுக்கு அப்படித்தான் போட்டார். அவர்கள் குழந்தைகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. அவர்கள் வீட்டில் இரண்டும் பேசுவார்கள், எது போட்டாலும் ஓடிவிடும். உன் வீட்டில் ஓடாது என்று எனக்குத் தோன்றவில்லை. நீ வீட்டில் எப்படி இருக்கிறாய் என்று நான் கேட்டதும் இல்லை.

மன்னித்துக்கொள் என்று எழுதினால், அதற்கும் நீ ஒரு பதில் வைத்திருப்பாய்.

ரக்ஷா போனில் என்னை மானா என்று கூப்பிடுவாளே, இன்னும் சொல்கிறாளா? பதில் எழுதாதே. இனி எதுவும் எழுதாதே. தயவுசெய்து.

மானஸா


ஜெர்சி சிட்டி
மார்ச் 12

மானஸா,

சொல்கிறாள். போன் அடித்தால் மானா என்று ஓடுகிறாள்.

போன வாரம் நானே ஒரு இன்டர்வியூ பண்ணினேன். என் வாய், என் சத்தம். ஆஸ்டினில் ஒரு சின்னக் கம்பெனி. உன்னைப் பற்றிச் சொல் என்றான் ஒரு பையன். ஒரு வாரமாக மனப்பாடம் பண்ணியது அது. மூன்று வாக்கியம் வந்தது. நாலாவதில் நின்றுவிட்டேன். அவன் பொறுமையாகத்தான் இருந்தான். எழுதிக் காட்டலாமா என்று கேட்டேன். எழுதினேன். சரியாக இருக்கிறது என்றான். அப்புறம், எங்கள் ஆட்கள் கஸ்டமரோடு பேச வேண்டும் என்றான். நல்லவன். அவன் மேல் கோபப்படக்கூட முடியவில்லை.

ஏப்ரல் ஒன்றாம் தேதியோடு என் நாள் முடிகிறது. சான் பிரான்சிஸ்கோவிலிருந்து மார்ச் 31 இரவு விமானத்துக்கு டிக்கெட் போட்டுவிட்டேன். கோயம்புத்தூர் வரை. ஒரு டிக்கெட்.

ரக்ஷா இங்கே பிறந்தவள். அவளை யாரும் போகச் சொல்லவில்லை. ஜூன் வரை பள்ளிக்கூடம் இருக்கிறது. உங்கள் ஊர்ப் பள்ளியிலும் ஸ்பீச் வகுப்பு உண்டு என்று டீச்சரே விசாரித்துச் சொன்னார். பைலை அனுப்பினால் அங்கே தொடருவார்களாம். இந்தத் தடவை பேப்பரில் தமிழ் என்று போட வேண்டும். இப்போது நிறுத்தினால் வந்த பேச்சும் போய்விடும் என்றார். அவர் என்னைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. நான் கேட்டதால் சொன்னார்.

ஜூன் வரை ரக்ஷாவை நீ வைத்துக்கொள். அவளோடு பேசு. இங்கிலீஷும் பேசு, தமிழும் பேசு. உனக்கு இரண்டும் வரும். அவளுக்குத் தெரிந்த குரல் இந்த நாட்டில் டீச்சருடையதும் உன்னுடையதும்தான். ஜூனுக்குள் நான் ஒரு வழி பண்ணிவிடுவேன். துபாய், சிங்கப்பூர், எங்கே எழுதிக் காட்டினால் போதுமோ அங்கே. இல்லையென்றால் சபரிக்கு விசா எடுத்து அவளைக் கூட்டிவர அனுப்புவேன், உன் காலில் விழச் சொல்வேன், எதையாவது செய்வேன்.

சபரியிடம் இன்னும் சொல்லவில்லை. பிள்ளையை விட்டுவிட்டு வருகிறவளை எந்த ஊரும் வீட்டுக்குள் விடாது. அது என் பாடு.

உன்னை மன்னித்துவிட்டு இதைக் கேட்கவில்லை. வேறு ஆள் இல்லாததால் கேட்கிறேன். 29ஆம் தேதி சனிக்கிழமை அங்கே வருகிறோம்.

கயல்


சான் ஹோசே
மார்ச் 19

வராதே, கயல். சுஹாஸ் உன் போன கடிதத்தைப் படித்துவிட்டான். லாயர் சொன்னதை மறுபடியும் எழுத எனக்குத் தெம்பில்லை. ஒரு குழந்தை என்றால் எனக்கு எவ்வளவு ஆசை என்று உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அதை வைத்துக் கேட்கிறாய். வராதே.

மா.


சான் ஹோசே, உன் வீட்டு வாசல்
மார்ச் 29

மானஸா,

ரக்ஷாவின் டிராயிங் நோட்டிலிருந்து தாள் கிழித்து எழுதுகிறேன். கதவுக்கு அடியில் தள்ளிவிடுகிறேன். பெல் அடித்துப் பார்த்தேன், வேலை செய்யவில்லை, அல்லது நீங்கள் கழற்றிவிட்டீர்கள். கார் கீழே நிற்கிறது. சமையலறை ஜன்னலில் நீ வந்து போனதைப் பார்த்தேன். மஞ்சள் டாப்ஸ்.

பக்கத்து வீட்டு அம்மா கதவைத் திறந்து, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டார். தமிழ்க்காரர். உன் பிரெண்ட் என்றேன். உள்ளே போய் ரக்ஷாவுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார். அப்புறம் கதவைச் சாத்திக்கொண்டார். தாழ்ப்பாள் போடும் சத்தம் கேட்டது. அவர் மேல் தப்பில்லை. பெரிய பெட்டியோடு ஒருத்தி ஒரு வீட்டு வாசலில் உட்கார்ந்திருந்தால் நானும் சாத்தியிருப்பேன்.

வரும் வழியில் விமானத்தில் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். தமிழில்தான் சொன்னேன். அம்மா போகிறேன், நீ மானாவோடு இருக்க வேண்டும், ஜூனில் பார்க்கலாம் என்று. புரியாது என்பதால்தான் என்னால் சொல்ல முடிந்தது. அவள் ஜன்னல் வழியாக இறக்கையைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

பெட்டியில் அவள் துணி, டீச்சர் கொடுத்த பைல், படங்கள் ஒட்டிய அட்டைகள் எல்லாம் இருக்கின்றன. பசித்தால் பசிக்கிறது என்று சொல்வாள். வலித்தால் எங்கே என்று காட்டுவாள். பயந்தால் சொல்லத் தெரியாது, காதைப் பொத்திக்கொள்வாள். அப்போது தொடக் கூடாது, பக்கத்தில் உட்கார்ந்தால் போதும்.

உள்ளே சுஹாஸ் பேசுவது கேட்கிறது. நீ பேசுவது கேட்கவில்லை. வாழ்க்கையில் முதல் தடவையாக நீ பேசாமல் இருக்கிறாய்.

நான் உள்ளே வர மாட்டேன். சண்டை போட மாட்டேன். போலீஸைக் கூப்பிட வேண்டாம் என்று அவனிடம் சொல். அவர்கள் வந்தாலும் நான் என்ன சொல்லப் போகிறேன், எனக்கு என்ன சொல்ல வரும்?

ரக்ஷா எழுந்து உன் கதவைத் தட்டிக்கொண்டிருக்கிறாள். பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி, ஒவ்வொரு தடவை தட்டிய பிறகும் நின்று, "ஓப்பன், ப்ளீஸ்" என்று தெளிவாகச் சொல்கிறாள். உனக்குக் கேட்கும். ஒரு பிழை இல்லாமல் சொல்கிறாள்.

கதவைத் திற.